வேலைக்கு ஒரு போன்: முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் நடுவே நான்கு தேர்வுகள்

திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அலுவலகம் என்று ஓர் அறை இருக்கிறது. ஆனால் பாதி நாள் நான் அங்கே இருப்பதில்லை. நிட்டிங் யூனிட்டில் சலான், டையிங்கில் பில், துணி லாரியில் ஏறும்போது இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் போடும் சீட்டு) என்று வண்டியில் அலைவதுதான் வேலை. கணக்கு மென்பொருள், ஷீட், ஸ்கேன், வாட்ஸ்அப், வங்கி எல்லாமே கையில் இருக்கும் போனில்தான் நடக்கிறது.

போன மே மாதம் ஒரு சாயங்காலம். பெங்களூருக்குப் போகவேண்டிய லோடு ஏறிவிட்டது, டிரைவர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார். இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். கடவுச்சொல் போட்ட பிறகு ஓடிபி வரவேண்டும். வந்திருக்கும், அதைப் பார்க்க போனில் உயிர் இல்லை. நாலரை மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிட்டது. யாரோ ஒருவரின் சார்ஜரைத் தேடி, போன் எழுந்து, பில் போட்டு முடிப்பதற்குள் நாற்பது நிமிடம். அந்தப் பழைய போனின் பெயர் இங்கே வேண்டாம். நான்கு வருடம் உழைத்த போன். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றும் வெகு நாளாகியிருந்தது.

அன்று ராத்திரியே புதுப் போன் தேட ஆரம்பித்தேன். எனக்கு ஒன்று, எங்களுக்காக ஃபீல்டில் சுற்றும் தம்பிக்கு ஒன்று. பார்த்தவற்றில் கடைசிவரை நின்றவை நான்கு, நான்குமே 2025-ல் வந்தவை. சாம்சங் கேலக்ஸி ஏ56, கூகுள் பிக்சல் 9ஏ, ஒன்பிளஸ் நார்ட் 5, மோட்டோரோலா எட்ஜ் 60 ப்ரோ. கீழே சொல்லும் விலைகள் அறிமுக விலைகள். பண்டிகைத் தள்ளுபடி, வங்கிச் சலுகை எல்லாம் சேர்ந்தால் கடையில் குறையும்.

முதலில் விலையை வருடத்தால் வகுத்துப் பார்த்தேன்

கணக்கு எழுதுகிறவனுக்கு இந்தப் பழக்கம் போகாது. ஒரு தையல் மெஷின் வாங்கினால் அது எத்தனை வருடம் ஓடும் என்று பார்க்கிறோம். போனுக்கு மட்டும் ஏன் மொத்த விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறோம்?

வேலைக்கான போனின் ஆயுள் உடைவதில் முடிவதில்லை, பாதுகாப்பு அப்டேட் நிற்பதில் முடிகிறது. அதற்கப்புறமும் போன் ஓடும்தான். ஆனால் அதில் பத்துக் கம்பெனிகளின் வங்கிக் கணக்கும் வரி விவரமும் வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியாது. இன்னும் சில வருடம் போனால் வங்கிச் செயலிகளே பழைய ஆண்ட்ராய்டில் ஓட மறுக்கும்.

மோட்டோ எட்ஜ் 60 ப்ரோ 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்போடு 29,999 ரூபாய்க்கு வந்தது. நான்கில் விலை குறைந்தது இதுதான். ஆனால் கம்பெனி உறுதி கொடுத்திருப்பது 3 ஆண்ட்ராய்டு பதிப்பு மாற்றம், 4 வருடப் பாதுகாப்பு அப்டேட். ஏ56-ல் அதே 8/256 மாடல் 44,999. அதற்கு 6 ஆண்ட்ராய்டு மாற்றம், 6 வருடப் பாதுகாப்பு. இரண்டையும் வகுத்தால் வருடத்துக்கு 7,500 ரூபாய்தான் வருகிறது! பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசம் அப்படியே கரைந்துவிட்டது.

பிக்சல் 9ஏ இந்தியாவில் 8/256 என்ற ஒரே வகையில் 49,999-க்கு வந்தது. உறுதி 7 வருடம். வருடத்துக்கு 7,143 ரூபாய். நான்கில் விலை கூடியது மோட்டோவைவிட வருடக் கணக்கில் மலிவாகிறது. நார்ட் 5 இதிலும் தனி. 31,999 ரூபாய், 4 ஆண்ட்ராய்டு மாற்றம், 6 வருடப் பாதுகாப்பு. வருடத்துக்கு 5,333.

ஆறு ஏழு வருடம் ஒரே போனை யார் வைத்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர் இந்தக் கணக்கை விட்டுவிடலாம், அவருக்கு மோட்டோ நல்ல தேர்வு. நான் அப்படியில்லை. நான் விட்டாலும் போன் என் வீட்டிலேயே யாரிடமாவது போகும். அதிலும் வங்கிச் செயலி இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நடுவில் ஒரு பேட்டரி மாற்ற வேண்டிவரும். பிக்சல் 9ஏ-யில் கூகுள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. 200 முறை முழுதாக சார்ஜ் ஆன பிறகு, பேட்டரியின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக 1,000-வது சுற்றுவரை மென்பொருளே குறைத்துக்கொண்டு போகும். பேட்டரியின் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் இதை நாம் அணைத்துவைக்க முடியாது. தினமும் ஒருமுறை முழுதாக சார்ஜ் போடுகிறவருக்கு ஏழு மாதத்திலேயே இது தொடங்கிவிடும். ஏழு வருட உறுதியைப் பார்த்து வாங்குகிறவர் இதையும் தெரிந்து வாங்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எது உயிரோடு இருக்கும்?

பேட்டரியின் கொள்ளளவைப் பார்த்தால், நார்ட் 5-இன் இந்திய மாடலில் 6,800 எம்ஏஎச். மோட்டோவில் 6,000. பிக்சலில் 5,100, ஏ56-ல் 5,000. எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. திரையும் சிப்பும் எவ்வளவு குடிக்கின்றன என்பதும் உண்டு. ஆனாலும் 5,000-க்கும் 6,800-க்கும் உள்ள இடைவெளி சின்னதில்லை. நாள் முழுக்க லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்து, வரைபடம் ஓடவிட்டு, வெயிலில் திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கிறவருக்கு நார்ட் 5 தெம்பு தரும்.

சார்ஜ் ஏறும் வேகத்திலும் அப்படித்தான். மோட்டோ 90 வாட், நார்ட் 80 வாட், இரண்டுக்கும் சார்ஜர் பெட்டியிலேயே வருகிறது. ஏ56-க்கு 45 வாட், பிக்சலுக்கு 23 வாட். இந்த இரண்டுக்கும் சார்ஜர் தனியாக வாங்க வேண்டும். டீ குடிக்கிற நேரத்தில் பாதி ஏறிவிட வேண்டும் என்று நினைப்பவருக்குப் பிக்சலின் 23 வாட் சரிப்படாது. இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை.

ஒரு சின்ன அனுபவக் குறிப்பு. வண்டியில் மொபைல் ஸ்டாண்டில் மாட்டி, ஏப்ரல் வெயிலில் வரைபடமும் சார்ஜும் ஒன்றாக ஓடினால் எந்தப் போனும் சூடேறி, திரையை மங்கலாக்கி, சார்ஜை நிறுத்தும். அது பழுது கிடையாது, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பையில் போட்டு, வழியைக் காதில் கேட்டுக்கொண்டு போவது போனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஷீட் பார்க்கும் திரை

கடையில் எல்லோரும் திரையில் வீடியோவை ஓட்டிக் காட்டுவார்கள். நான் என் ஷீட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். கடைத்தம்பிக்கு ஆச்சரியம்.

"அண்ணா, கேமரா பாருங்க. நைட் போட்டோ சூப்பரா இருக்குங்க."

"பில்லு போட்டோ எடுத்தா நம்பர் தெரியுமா தம்பி, அதைச் சொல்லுங்க."

தெரிந்தது, நான்கிலும். கேமராவைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஷீட்டில்தான் வித்தியாசம். பிக்சலின் 6.3 அங்குலம் கையில் ரொம்பச் சுகம், 186 கிராம்தான், ஒரு கையால் எல்லாம் செய்யலாம். ஆனால் எட்டுக் கட்டம் உள்ள ஷீட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நார்ட் 5-இன் 6.83 அங்குலத்தில் கண் இளைப்பாறுகிறது. பதிலுக்கு 211 கிராமைச் சட்டைப் பை சுமக்க வேண்டும். ஏ56-இன் 6.7 அங்குலத் தட்டைத் திரை எனக்கு நடுவாகப் பட்டது.

மோட்டோவும் 6.7 அங்குலம்தான், ஆனால் ஓரங்கள் வளைந்தவை. பார்க்க அழகு. வேலைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஷீட்டின் கடைசிக் கட்டத்தைத் தொடப்போனால் விரல் வளைவில் போய் நிற்கிறது. சாதாரண டெம்பர்டு கிளாஸும் வளைந்த திரையில் ஒழுங்காக ஒட்டாது. வேலைக்கான போனுக்குத் தட்டைத் திரைதான் என்பதில் நான் மாறப்போவதில்லை.

வெயிலில் படிப்பதற்குப் பிக்சல் நன்றாக இருந்தது. உச்ச வெளிச்சம் 2,700 நிட்ஸ் என்கிறார்கள், ஏ56-க்கு 1,900. கடை வாசலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது, ஆனால் ஏ56-லும் எண்களைப் படிக்க முடிந்தது.

சிம், ஓடிபி, இரண்டு வாட்ஸ்அப்

இதை எந்த விளம்பரத்திலும் பார்க்கமாட்டோம், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். பிக்சல் 9ஏ-யில் ஒரு சிம் அட்டைதான் போடலாம். இரண்டாவது எண் இ-சிம்மாக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்மாக இருக்க வேண்டும். இ-சிம்மில் குறையில்லை, திருடு போனால் கழற்றி எறிய முடியாது என்ற நன்மைகூட உண்டு. ஆனால் போன் செத்துவிட்டால்? அட்டை என்றால் பக்கத்தில் இருப்பவரின் போனில் போட்டு ஓடிபியை வாங்கிவிடலாம். இ-சிம் என்றால் இன்னொரு போனுக்கு மாற்றி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். லாரி நின்ற அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம், ஓடிபி வரும் எண்ணை அட்டையில்தான் வைத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஏ56-லும் நார்ட் 5-லும் இரண்டு அட்டை போடலாம்.

ஒரே செயலியில் இரண்டு எண்களை வைத்துக்கொள்ளும் வசதியை வாட்ஸ்அப்பே 2023-ல் கொடுத்துவிட்டது. ஆகவே அதற்காகப் போனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கோப்புகளைத் தனியாகப் பூட்டி வைப்பதில் ஏ56-இன் செக்யூர் ஃபோல்டர் எனக்குப் பிடித்தது. தனிச் செயலிகள், தனிப் படங்கள், தனிப் பூட்டு. வீட்டில் குழந்தை போனை எடுத்து விளையாடினாலும் அந்த அறைக்குள் போகமுடியாது. பிக்சலில் ஆண்ட்ராய்டு 15-லிருந்து பிரைவேட் ஸ்பேஸ் என்று இதேபோல் உண்டு.

அழைப்பைப் பதிவு செய்வதும் வியாபாரத்தில் தேவைப்படுகிறது. அளவும் விலையும் வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டு அப்புறம் மறந்துபோகும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. சாம்சங்கின் இந்திய மாடல்களில் அதன் சொந்த டயலரிலேயே இந்த வசதி இருக்கிறது. கூகுள் டயலரில் பதிவு தொடங்கினால் இரண்டு பக்கமும் குரல் அறிவிப்பு கேட்கும். எதில் செய்தாலும் எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்வதுதான் முறை. நான் சொல்லிவிடுகிறேன், யாரும் வேண்டாம் என்றதில்லை.

மானிட்டரில் மாட்டி வேலை செய்யலாமா?

சாம்சங் போனை மானிட்டரில் மாட்டினால் கணினிபோல் விரியும் டெக்ஸ் வசதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஏ56-ல் கிடையாது. இதை நம்பி ஏ வரிசையை வாங்கி ஏமாறாதீர்கள், அதற்கு எஸ் வரிசைக்குப் போக வேண்டும். ஏ56-இன் யுஎஸ்பி 2.0 துளையில் படமும் வெளியே போகாது. நார்ட் 5-லும் யுஎஸ்பி 2.0-தான். பிக்சல் 9ஏ-யில் யுஎஸ்பி 3.2 இருக்கிறது. கேபிள் வழியே திரை மானிட்டருக்குப் போகும், பெரிய கோப்புகளை மாற்றுவதும் வேகம். மோட்டோவில் ஸ்மார்ட் கனெக்ட் என்ற செயலி வழியாகப் போனைக் கணினியோடும் டிவியோடும் இணைக்கலாம். லேப்டாப்பே இல்லாமல் சமாளிக்க நினைப்பவர் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். என்னிடம் லேப்டாப் இருக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரையும் தூசியையும் எவ்வளவு தாங்கும் என்பதை ஐபி எண்ணால் சொல்கிறார்கள். மோட்டோ ஐபி 68, 69 இரண்டும். பிக்சல் ஐபி 68. ஏ56 ஐபி 67. நார்ட் 5 ஐபி 65, அதாவது மழைத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் தாங்கும், தொட்டிக்குள் விழுந்தால் உத்தரவாதம் இல்லை. டையிங் யூனிட்டுக்குள் அடிக்கடி போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கியது

தம்பிக்கு நார்ட் 5. அவன் காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவான். பேட்டரியும் பெட்டியிலேயே வந்த சார்ஜரும் அவனுக்குப் போதும். டையிங் தொட்டிப் பக்கம் போனால் போனைப் பையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஏ56. பேட்டரியில் நார்டிடமும், அப்டேட்டில் பிக்சலிடமும், விலையில் நார்டிடமும் மோட்டோவிடமும் தோற்கிற போன் என்று தெரிந்தேதான் எடுத்தேன். இரண்டு சிம் அட்டை, தட்டைத் திரை, பூட்டிய ஃபோல்டர், ஆறு வருடம், இவை நான்கும் ஒன்றாக எனக்கு இதில்தான் கிடைத்தன. எங்கள் ஊர்ப்பக்கம் எந்த டவுனில் நின்றாலும் சர்வீஸ் சென்டர் எட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணம். முந்தைய ஏ55-ல் இருந்த மெமரி கார்டு இடத்தை இதில் எடுத்துவிட்டார்கள், அது எனக்கு உண்மையாகவே வருத்தம்தான். அதனால்தான் 128 ஜிபி மாடலை விட்டு 3,000 ரூபாய் கூடக் கொடுத்து 256 எடுத்தேன். ஸ்கேன் கோப்புகள் எவ்வளவு சீக்கிரம் இடத்தை நிரப்பும் என்பது வருடக் கணக்கு முடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

பழைய போனை விற்கவில்லை. வங்கிச் செயலிகளை எல்லாம் நீக்கிவிட்டு, சார்ஜ் ஏற்றி, அணைத்து வண்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், கூடவே சிம் கழற்றும் ஊசியும்.