வடசேரி அடைப்பிரதமனும் அந்தத் தலைப்பாலும்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு சமையல்கார அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டு வாசலில் உருளியை வைத்து அடைப்பிரதமன் விற்கிறார், அரை லிட்டர் 150 ரூபாய். அரிசி அடை, வெல்லம், தேங்காய்ப்பால் சேர்த்துச் செய்யும் பாயசம் அது. நாலு வாரம் தொடர்ந்து வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் எழுதுகிறேன். பதினொரு மணிக்கு மேல் போனால் கிடைக்காது.

முதல் கரண்டியிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போகும், அடை பல்லில் ஒட்டாது, வெல்லத்தின் இனிப்பு அதற்குப் பிறகுதான் மெதுவாக வரும். போன மாதம் வேறொரு இடத்தில் விசேஷத்துக்கு வாங்கின பிரதமனில் அரிசி மாவைக் கரைத்து விட்டிருந்தார்கள். பார்க்க நல்ல கெட்டி, வாயில் போட்டால் பசை. இனிப்பும் ஏலக்காயும் சரியாகத்தான் இருந்தன, ஆனாலும் பந்தியில் பாதிப் பேர் இலையில் மிச்சம் வைத்தார்கள். கெட்டி வேறு, வழுவழுப்பு வேறு. மாவு தண்ணீரைப் பிடித்து இறுக்கும், அவ்வளவுதான். தேங்காய்ப்பாலின் கொழுப்புத்துளிகள் நாக்கின் மேல் மெல்லப் படர்ந்து உராய்வைக் குறைக்கும்.

2023-இல் ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். கொழுப்பும் சர்க்கரையும் கூட்டிக் குறைத்து மில்க் ஷேக் செய்து, பன்றி நாக்கை வைத்து அதன் வழுக்கலை அளந்து, குடிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கண்ணுக்குச் சற்று மேலே இருக்கும் மூளைப்பகுதி அந்த வழுக்கலைப் பின்தொடர்கிறது. அந்தப் பகுதி யாருக்குக் கூர்மையாக வேலை செய்ததோ அவர்கள் பிறகு சாப்பாட்டிலும் கொழுப்பு கூடியதையே அதிகம் எடுத்துக்கொண்டார்களாம். எங்கள் வீட்டில் அத்தைக்கு ஒரு கரண்டி போதும், எனக்கு இரண்டு டம்ளர் வேண்டும், இதைப் படித்த பிறகு அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அண்ணாச்சியின் கைப்பக்குவம் முழுக்க வரிசையில் இருக்கிறது. வெல்லத்தில் வரட்டிய அடையில் மூன்றாவதாகப் பிழிந்த தேங்காய்ப்பால், அது வற்றினதும் இரண்டாம் பால், கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுத் தலைப்பால், அதாவது முதலில் பிழிந்த கெட்டிப்பால். "தலப்பால் விட்ட பெறவு கொதிக்க விடப்பிடாது மக்களே, திரிஞ்சிரும்" என்றார். உண்மைதான், கொதித்தால் பாலில் இருக்கும் புரதம் திரண்டு எண்ணெய் தனியாக மிதக்கும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் அந்த மென்மை திரும்பாது. மேலே நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்க் கொத்து, நடுநடுவே பல்லில் கடிபடுவது தனி சுகம்.

குறை என்றால் இரண்டு. சுக்கு கொஞ்சம் தூக்கல், தொண்டையில் நிற்கிறது. சூடான பிரதமனை மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிக் கொடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை, தூக்குவாளி கொண்டுபோங்கள்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் நேராக எடுத்துச் சாப்பிட வேண்டாம். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாக்கில் மெழுகுக் குறுணை மாதிரி நிற்கும். பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்துக் கிண்டினால் பழையபடி இளகும்.

இலையில் ஊற்றி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, ஒரு பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுங்கள். அடுத்த ஞாயிறு சக்கைப்பிரதமன், அதாவது பலாப்பழப் பிரதமன் என்று சொல்லியிருக்கிறார், ஒரு லிட்டருக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.