சிரிக்க வைக்கும் போர்க்கால அஞ்சல் அட்டைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

போர்க்கால நகைச்சுவை அட்டை வேண்டும் என்று கேட்டால், விற்பவர் முதலில் நீட்டுவது பெரும்பாலும் ஹிட்லர் அட்டையைத்தான். மறுபதிப்பை அசல் என்று தள்ளிவிடுவதும் அந்த வகையில்தான் நிறைய நடக்கிறது. சிரிப்பு என்னவோ அதில் குறைச்சல். தன் படையையே கிண்டலடித்த அட்டைகள் இன்றும் நிற்கின்றன. காசு போடுவதென்றால் அவற்றில் போடலாம்.

அந்த வரிசையில் முதல் இடம் புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதருக்கு. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. முதல் உலகப் போரில், 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் அடிபட்டு ஊர் திரும்பியவர். 'பைஸ்டாண்டர்' வார இதழில் வந்த அவருடைய சித்திரங்களை அந்த இதழே ஆறாறு அட்டைகளாக விற்றது. நாயகன், தொங்கு மீசைக்கார ஓல்டு பில். ஓர் அட்டையில் சுவரில் குண்டு துளைத்த பெரிய ஓட்டை. தொணதொணக்கும் இளம் சிப்பாய், "இந்த ஓட்டையை யார் போட்டது?" என்கிறான். அலுத்துப்போன மூத்தவர் சொல்லும் பதில் ஒரே சொல்: "எலி." போரை இப்படியா கேலி செய்வது என்று முதலில் முகம் சுளித்த மேலிடமே, பிறகு அவரைக் கார்ட்டூன் வரையும் அதிகாரியாக வைத்துக்கொண்டது. சிரிக்கிற சிப்பாய் தாக்குப்பிடிப்பான் என்பது அவர்களுக்குப் புரிய கொஞ்ச நாள் ஆயிற்று. ஆறு அட்டைகளும் அவற்றின் மேலுறையோடு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

இந்த அட்டைகளில் முத்திரைத் தேதியை மட்டும் நம்பாமல் தபால்தலையையும் பாருங்கள். பிரிட்டனுக்குள் அஞ்சல் அட்டைக் கட்டணம் 1918 ஜூன் வரை அரை பென்னி, அதன்பின் ஒரு பென்னி. 1916 தேதியில் ஒரு பென்னி தலை ஒட்டியிருந்தால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும் அட்டைக்கு அப்போதே ஒரு பென்னிதான். முகவரியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க லினன் அட்டைகள். துணி அல்ல, நெசவு மாதிரி வரி அழுத்திய காகிதம். உருளைக்கிழங்கு உரிக்கும் சிப்பாய், தொண்டை கிழியக் கத்தும் சார்ஜென்ட், வீட்டிலிருந்து கடிதம் வராத ஏக்கம் எல்லாம் இதில் உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. ஹிட்லர், முசோலினி, ஜப்பான் பிரதமர் டோஜோ மூவரையும் உதைக்கும் அட்டைகள் இரண்டு பார்த்தால் போதும், மூன்றாவதில் அலுத்துவிடும். ஜப்பானியரைத் துருத்திய பல்லும் தடித்த கண்ணாடியுமாக வரைந்தவை அப்பட்டமான இனவெறி. பிரச்சாரம் எப்படி வேலை செய்தது என்று காட்ட ஆல்பத்தில் வைக்கலாம். சுவரில் மாட்டும் சரக்கல்ல.

சிகாகோவின் கர்ட் டைக் அச்சகத்து அட்டை என்றால் ஆண்டைக் கண்டுபிடிப்பது சுலபம். '2பி-எச்' என்று தொடங்கும் எண் ஆங்கில எழுத்தில் இருக்கும். '2' ஆண்டின் கடைசி இலக்கம், 'பி' என்றால் 1940-கள், ஆக 1942. அதே இடத்தில் 'ஏ' இருந்தால் 1930-கள்.

மறுபதிப்பு மலிவு. மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் குறையொன்றும் இல்லை. சொல்லாமல் விற்பவரிடம் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பழைய அட்டை ஏறக்குறைய 3.5 அங்குலத்துக்கு 5.5 அங்குலம், 4-க்கு 6 என்றால் சந்தேகம்தான். விரலால் தடவினால் லினன் வரி தட்டுப்பட வேண்டும். ஸ்கேன் செய்து அடித்ததில் வரி கண்ணுக்குத் தெரியும், விரலுக்கு வழவழவென்றிருக்கும். 10 மடங்கு லென்ஸில் படத்தைப் பார்த்துப் பயனில்லை, அசலிலும் அச்சுப் புள்ளிகள் உண்டு. வாசகத்தின் எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து திட்டமான மையாக நிற்கும், ஸ்கேன் செய்ததில் எழுத்தே புள்ளிப் புள்ளியாக உடைந்திருக்கும். அச்சக முகவரியில் ஜிப் எனப்படும் ஐந்து இலக்க அமெரிக்க அஞ்சல் குறியீடு இருந்தால் பேச்சே வேண்டாம், அது 1963-ல்தான் வந்தது.

யூவி டார்ச்சும் கைகொடுக்கும். வெளுப்பூட்டி கலந்த பிற்காலத்துக் காகிதம் இருட்டில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். ஆனால் பளிச்சிடாததெல்லாம் பழசு இல்லை, வெளுப்பூட்டி கலக்காத காகிதம் இன்றும் விற்கிறது. தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்குபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பழுப்பு முழுப்பரப்பிலும் ஒரே சீராக இருக்கும்; இயல்பான பழுப்பு பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்ளே வரும்.

வாங்கியதைப் பிவிசி உறையில் போடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய்த்தன்மை கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை போதும். பின்புறம் யாரோ பென்சிலில் எழுதிய பழைய விலையை அழிக்கப் போய் காகிதத்தைத் தேய்த்துவிடாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.