எஸ்எம்எஸ், மெயில், ஆப், பாஸ்கீ: கேம் கணக்குக்கு எந்தப் பூட்டு?

கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில், கணக்கைக் காக்கும் கூடுதல் பூட்டாக 2011இல் ஸ்டீம் கார்ட் வந்தபோது, தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் தன் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஊரறியச் சொன்னார். பாஸ்வேர்ட் தெரிந்தாலும் உள்ளே நுழைய முடியாது என்று காட்டத்தான். 2015 டிசம்பரில் அதே வால்வ், மாதம் சுமார் 77,000 கணக்குகள் களவுபோவதாகச் சொன்னது. நடுவில் ஸ்கின்களும் (ஆட்டத்தில் ஆயுதங்களுக்குப் போடும் அலங்காரத் தோற்றங்கள்) கேமுக்குள் கிடைக்கும் பிற பொருட்களும் கைமாறிக் காசாகத் தொடங்கியிருந்தன. திருட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஆரம்பத்தில் ஸ்டீம் கார்ட் தந்தது மெயில் கோடு, அதாவது லாகின் செய்யும்போது பாஸ்வேர்டோடு கேட்கும், மெயிலில் வரும் ஒருமுறைக் குறியீடு. மெயில் கோடு என்பது பூட்டின் சாவியைப் பூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பது மாதிரி. கேம் ஆடும் கம்ப்யூட்டரில்தான் மெயிலும் திறந்திருக்கும். அதில் வைரஸ் ஏறிவிட்டால் இரண்டும் ஒன்றாகப் போகும். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்களுக்கு வைரஸ்கூடத் தேவையில்லை.

எஸ்எம்எஸ் கோடு குறைந்தபட்சம் வேறு கருவிக்கு வருகிறது. ஆனால் அந்த எண் நம்முடையதா? தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி நம் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ள முடியும். 2019இல் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டார்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய போன் எண் வழியாகத்தான் கைமாறியது. சாதாரண ஆட்டக்காரருக்காக யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு: நாம் கைவிட்ட பழைய எண் சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போகும், கணக்கில் அதை மாற்ற மறந்திருப்போம்.

ஆத்தென்டிகேட்டர் ஆப் இவை இரண்டையும்விட ஒரு படி மேல். ரகசியச் சாவி போனுக்குள் இருக்கிறது, பெரும்பாலான ஆப்கள் 30 நொடிக்கு ஒருமுறை புது 6 இலக்க எண்ணைக் காட்டும், சிக்னலே வேண்டாம். இதன் எதிரி ஹேக்கர் அல்ல, நாமேதான். பழைய போனை முழுசாக அழித்துவிட்டு, புதுப் போனில் லாகின் செய்ய உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. போன் இல்லாதபோது உள்ளே நுழைய முன்பே தந்து வைக்கும் ரெகவரி கோடு எங்கே? அழித்த போனில், ஸ்கிரீன்ஷாட்டாக.

சரி, இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு ஓட்டை உண்டு: கோடை டைப் செய்வது நாம். "எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு" என்று நண்பர் பெயரில் லிங்க் வரும், உள்ளே லாகின் பெட்டி இருக்கும். 2022இல் ஸ்டீம் ஆட்டக்காரர்களைக் குறிவைத்த ஒரு மோசடியில், தனி ஜன்னல் போலவே தெரிந்த அந்தப் பெட்டி உண்மையில் பக்கத்துக்குள் வரைந்த படம். முகவரியும் பச்சைப் பூட்டும்கூட அச்சு அசலாக இருந்தன. அப்படி ஒன்று வந்தால் பிரவுசரின் விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள். விளிம்பிலேயே முட்டி நின்றால் போலி. நீங்கள் தட்டிய கோடு, ஆப் கோடாகவே இருந்தாலும், காலாவதியாகச் சில நொடிகள் இருக்கும், மறுமுனையில் காத்திருக்கும் நிரலுக்கு அது தாராளம்.

பாஸ்கீ ஜெயிப்பது இந்த இடத்தில்தான். அது போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி, கைரேகையோ முகமோ பின் எண்ணோ காட்டினால் வேலை செய்யும். டைப் செய்ய எதுவுமில்லை, அது தளத்தின் முகவரியோடு பிணைந்தது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் பாஸ்கீ வேலை செய்யாது. நாம் ஏமாந்தாலும் அது ஏமாறாது. பிளேஸ்டேஷன் 2024இல் இதைக் கொண்டுவந்தது. குறை என்னவென்றால் எல்லா கேம் கணக்குகளிலும் இது கிடைப்பதில்லை. சில தளங்களில் பாஸ்கீ வைத்த பிறகும் பழைய பாஸ்வேர்ட் வழி திறந்தே கிடக்கும். முன்வாசலுக்கு இரும்புக் கதவு, கொல்லைப்புறத்துக்குத் தட்டி.

அப்புறம், இந்த நான்கையும் சுற்றிப் போகிற வழி ஒன்று. இலவச சீட் (ஆட்டத்தில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் நிரல்), கிராக் (காசு கொடுக்காமல் ஆட வைக்கும் திருட்டுப் பதிப்பு) என்று இறக்கும் கோப்புகளில் ஒளிந்து வரும் திருட்டு நிரல்கள், ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் பிரவுசரின் குக்கீயையே, அதாவது லாகின் ஆனதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு தகவலையே, எடுத்துப் போகும். அதைக் காட்டினால் தளம் கோடே கேட்காது. அப்படி நடந்தால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும். பின்னதை விட்டுவிட்டால், பல இடங்களில் திருடனின் லாகின் அப்படியே உயிரோடு இருக்கும்.

என் ஏற்பாடு இதுதான்: பாஸ்கீ இருந்தால் பாஸ்கீ, இல்லாவிட்டால் ஆப், வேறு வழியே இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ். மெயில் கணக்குக்குத் தனி பாஸ்வேர்ட், அதற்கும் ஆப். ரெகவரி கோடுகள் இப்போது காகிதத்தில், அலமாரியில்.