பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: படித்து முடித்தவளின் மதிப்பீடு

கொங்குப் பகுதிக் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு இளங்கலைச் சுற்றுச்சூழல் அறிவியல் படித்து முடித்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்தவர்களும் அவர்களின் பெற்றோரும் இதைப் பற்றி விசாரிக்கும்போது, எல்லாப் பட்டப்படிப்புகளிலும் கட்டாயமாக உள்ள சுற்றுச்சூழல் கல்வித் தாளையே மூன்றாண்டுக்கு நீட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே பேசுகிறார்கள். அந்தத் தாள், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியே வந்தது. விழிப்புணர்வு ஊட்டுவது அதன் நோக்கம். இந்தப் பட்டப்படிப்பில் பெரும்பகுதி வேதியியலும் உயிரியலும் புள்ளியியலும்தான் என்பதைச் சேருமுன் அறிந்துகொள்வது நல்லது.

இதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் நீர்ப் பகுப்பாய்வுச் செய்முறை. இரண்டாம் ஆண்டில் எங்களை நொய்யலுக்கு அழைத்துச் சென்றார்கள். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் வின்க்ளர் முறையில், 300 மி.லி. பாட்டிலில் காற்றுக்குமிழி புகாமல் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடு கரைசலையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும்; ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் நேரத்துக்குள் ஆக்சிஜனின் அளவு மாறிவிடும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகும். இல்லாவிட்டால் வெள்ளையாக நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஆலாந்துறைப் பக்கம் எடுத்த நீர் அடர்ந்த பழுப்பாக மாறியது. அன்று மாலை ஆற்றின் கீழ்ப்பகுதியில் சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்த பாட்டில் வெள்ளையாகவே இருந்தது. ஒரே ஆற்றின் இரண்டு பாட்டில்களை அருகருகே வைத்துப் பார்த்த அந்த நேரத்தில்தான் இந்தத் துறையை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

திருப்பூர்ச் சாயக்கழிவு பற்றிய வகுப்புகளும் அதே அளவு செறிவானவை. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கப்படும் உப்பு நீரில் கரைந்துவிடுவதால், நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் சுத்திகரிப்பு அதை நீக்காது என்பதையும், அதனாலேயே எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கிகளும் தேவைப்படுகின்றன என்பதையும், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் எங்கள் ஆசிரியர் ஒரே தொடராக விளக்கினார். வேதியியலும் சட்டமும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானி எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. மூன்றாண்டுகளில் ஒருநாள்கூட நாங்கள் அதைத் தொடவில்லை. ஒரு திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுத் தாளில் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பிரிவுகளை மனப்பாடம் செய்தோமே தவிர, சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் எவரும் படிக்கக்கூடிய உண்மையான மதிப்பீட்டு அறிக்கை ஒன்றையேனும் வகுப்பில் திறந்து பார்க்கவில்லை. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தால், ஒரு பருவம் முழுதும் படித்ததைக் காட்டிலும் கூடுதலாகக் கற்றிருப்போம் என்று இன்றும் வருந்துகிறேன். தரவுகளை வரைபடத்தில் ஏற்றி ஆராயும் புவியியல் தகவல் அமைப்புக்கு ஒதுக்கிய நேரமும் போதவில்லை. அதற்கான கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள் என்பதால் விடுமுறையில் நானாகவே கற்றுக்கொண்டேன்.

வேலையைப் பொறுத்தவரை, தனியார் பரிசோதனைக் கூடங்களிலும் ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இந்தப் பட்டத்துடன் சேரலாம். ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிச் சுற்றுச்சூழல் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும்; ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் முதுகலை தேவை. ஆகவே ஐந்தாண்டுப் படிப்பாகக் கணக்கிட்டுக்கொண்டு சேர்வதே சரி.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சிலரின் செய்முறைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லாப் பதிவேடுகளிலும், கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷன் சோதனையின் அளவுகள் கடைசித் தசமம் வரை ஒன்றாகவே இருந்தால், அங்கே அந்தச் சோதனைக்கான அளவுக்குழாயான பியூரெட்டைத் தொட்டவர் ஒருவர்தான் என்று தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.