விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கைப் பெரிதாக்கும் கட்டளை: வேலை சுத்தம், எச்சரிக்கை போதாது

விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இடம் தீர்ந்தால், அதை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் தரும் கருவி ‘விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம்’. மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு (சேவ் செய்து நிறுத்தினால் போதாது), ‘டிஸ்க்’ என்ற சொல், விடிஐ கோப்பின் (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் கோப்பு) பாதை, அதன்பின் ‘--ரீசைஸ் 51200’ என்று கொடுத்தால் சில நொடிகளில் 50 ஜிபி. விண்டோஸ் ஹோஸ்டில் (மெஷினைத் தாங்கும் நிஜக் கணினி) மட்டும், விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவிய ஃபோல்டருக்குள் போய் அடிக்க வேண்டியிருக்கும்.

அளவை எம்பியில் எடுத்துக்கொள்ளும். ஜிபி என்று நினைத்து 50 என அடித்தால் ஒன்றும் கெடாது, சுருக்க முடியாது என்று மறுத்துவிடும். ஒரு சுழியம் கூடிப்போனால்தான் வம்பு: 512000 என்பது 500 ஜிபி, இதே கட்டளையால் அதைக் குறைக்க வழியில்லை. டைனமிக் டிஸ்க் (தேவைக்கேற்ப வளரும் கோப்பு) ஹோஸ்டில் உடனே இடம் பிடிக்காது. பின்னால் கோப்பு வளர்ந்து ஹோஸ்ட் நிரம்பும்போது மெஷின் பாதியில் நின்றுவிடும். க்யூஇஎம்யு-இமேஜ் என்ற வேறொரு டிஸ்க் கருவியில் ‘ரீசைஸ்’ உடன் ‘+20ஜி’ என்றாலே 20 ஜிபி கூடிவிடும். அந்த வசதி இங்கே இல்லாதது குறைதான்.

பெரிய குறை ஸ்னாப்ஷாட் (மெஷினின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைப்பது) விஷயத்தில். அடிப்படை விடிஐ-யைப் பெரிதாக்கினால் 100% என்று காட்டும். மெஷினை பூட் செய்தால் பழைய அளவே இருக்கும். மெஷின் உண்மையில் ஓடுவது ஸ்னாப்ஷாட்டின் டிஃபரன்சிங் இமேஜில் (பிந்தைய மாற்றங்களை மட்டும் வைக்கும் கோப்பு), அதன் அளவு மாறவில்லை. இதைச் சொல்லும் ஒரு வரி எச்சரிக்கைகூட வராது. முதலில் ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கி ஒன்றிணைத்துவிட்டு, பிறகு ரீசைஸ் செய்வதே பாதுகாப்பு. விஎம்டிகே (விஎம்வேரின் டிஸ்க் வடிவம்) கோப்பு என்றால் இந்தக் கட்டளை பெரும்பாலும் கைவிரித்துவிடும். ‘க்ளோன்மீடியம்’ கொண்டு விடிஐ-யாக நகலெடுத்து, அதை மெஷினில் மாட்டிய பிறகுதான் தொடர முடியும்.

இதெல்லாம் முடிந்தாலும் வேலை பாதிதான். டிஸ்க் வளர்ந்ததே தவிர, உள்ளே பார்ட்டிஷன் அப்படியே இருக்கும். லினக்ஸில் ‘எல்எஸ்பிஎல்கே’ அடித்து டிஸ்க், பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்துவிட்டு, பார்ட்டிஷனை வளர்க்கும் ‘க்ரோபார்ட்’ கட்டளைக்கு டிஸ்க் பெயரையும் பார்ட்டிஷன் எண்ணையும் இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கொடுங்கள். சேர்த்து எழுதினால் பிழை வரும். எல்விஎம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துத் தரும் லினக்ஸ் அடுக்கு) இருந்தால் ‘பிவிரீசைஸ்’, பிறகு ‘எல்விஎக்ஸ்டெண்ட்’. அதில் ‘-ஆர்’ சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். எல்விஎம் இல்லையென்றால் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கு ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ்-க்கு ‘எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ்’. பின்னதற்குக் கொடுக்க வேண்டியது மவுண்ட் பாயிண்டை. மெஷின் ஓடும்போதே இவற்றைச் செய்யலாம்.

‘க்ரோபார்ட்’ வளர்க்க இடமில்லை என்றால், ரூட்டுக்கு (லினக்ஸின் முதன்மைப் பார்ட்டிஷன்) அடுத்து ஸ்வாப் (ரேமுக்குத் துணை இடம்) பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஸ்வாப்பை அணைத்து நீக்கி, கடைசியில் புதிதாக உருவாக்கி, எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட்டின்போது மாட்டும் பார்ட்டிஷன்களின் பட்டியல்) அதன் யுயுஐடி-யை (அடையாள எண்) மாற்ற வேண்டும். விண்டோஸிலும் இதே கதை: சி டிரைவுக்குப் பின்னால் ரெகவரி பார்ட்டிஷன் வழிமறித்தால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கிக் கிடக்கும்.

உபுண்டு சர்வரை எல்விஎம்மோடு நிறுவியவர்கள் இவற்றில் எதையும் தொடும் முன் ‘விஜிஎஸ்’ அடித்து எல்விஎம்மில் காலி இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். 20 முதல் 200 ஜிபி வரையான டிஸ்க்கில் அதன் நிறுவி வழக்கமாகப் பாதியைத்தான் ரூட்டுக்குத் தருகிறது. மீதி அங்கேயே காலியாக இருந்தால் ‘-ஆர்’ சேர்த்த ‘எல்விஎக்ஸ்டெண்ட்’ ஒன்றே போதும்.