வளைந்த முதுகும் முறுக்கு ஆசனங்களும்: ஆறு ஆண்டு அனுபவம்

எனக்கு ஸ்கோலியோசிஸ் என்னும் முதுகெலும்பு வளைவு இருப்பது 31 வயதில் எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது: மேல்முதுகில் வலப்புறமாக 28 டிகிரி வளைவு, அதை ஈடுகட்டக் கீழ்முதுகில் இடப்புறமாகச் சிறியதொரு வளைவு. தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் சுமந்ததால் வந்தது என்று தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே சொன்னது. அம்மா பல நாள் அதை எண்ணி அழுதார். பருவ வயதில் தோன்றும் இத்தகைய வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னது காரணம் என்று மருத்துவம் இதுவரை கண்டறியவில்லை என்பதை அவர் ஏற்றுக்கொள்ள நாளாயிற்று.

யோகா கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், அர்த்த மத்ஸ்யேந்திராசனம் என்ற, தரையில் அமர்ந்து உடலைத் திருப்பும் ஆசனத்தில் வலப்புறம் திரும்பியிருந்த என் தோளைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம்" என்று ஆசிரியர் திருப்பினார். அன்றிரவு தொடங்கிய விலாவலி மூன்று வாரம் நீடித்தது. ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மூச்சு நின்று வந்தது.

காரணத்தைப் பிறகு பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். இந்நிலையில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன் அச்சிலும் திருகியிருக்கிறது. குனிந்தால் என் வலது விலா மேடாகத் தெரிவது அதனால்தான். ஏற்கெனவே வலப்புறம் திருகிய மார்புக்கூட்டை மேலும் அதே பக்கம் திருப்பினால் அந்த மேடு கூடுகிறது. இடப்புறம் திருப்பினால் வலது விலா முன்னே வந்து திருகல் சற்றுத் தளர்கிறது. ஆனால் கீழ் வளைவு எதிர்த்திசையில் திருகியிருப்பதால், திருப்பம் இடுப்புவரை இறங்கக் கூடாது.

ஆகவே இப்போது தரையில் அல்ல, நாற்காலியில் பக்கவாட்டில் அமர்ந்து பரத்வாஜாசனம் என்ற முறுக்கு ஆசனத்தைச் செய்கிறேன். இரு முழங்கால்களும் சமமாக இருக்க அவற்றுக்கு இடையே ஒரு செங்கல்லைத் துணி சுற்றி வைத்துக்கொள்கிறேன். மூச்சை இழுக்கும்போது உச்சந்தலையை உயர்த்தி முதுகை நீட்டி, விடும்போது மட்டும் திரும்புகிறேன். நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுப்பதில்லை. இடப்புறம் ஐந்து மூச்சு, வலப்புறம் இரண்டு, அதுவும் பாதித் திருப்பம். இரு பக்கமும் சமமாகச் செய்யவேண்டும் என்ற பொதுவிதியை நான் கைவிட்டதுதான் எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது.

சென்ற ஆண்டு எக்ஸ்ரேயில் வளைவு 27 டிகிரி. அளவெடுப்பிலேயே ஐந்து டிகிரி வரை வேறுபாடு வரக்கூடும் என்பதால் இதைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நாள் முழுதும் பில் போட்டு எழும்போது வரும் வலி மட்டும் உண்மையாகவே பாதியாகியிருக்கிறது.

இடப்புற வளைவு உள்ளவர்களுக்கு நான் சொன்ன பக்கங்கள் மாறும். கம்பி பொருத்தி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், தங்கள் மருத்துவர் அனுமதிக்காமல் இவற்றில் எதையும் செய்துபார்க்க வேண்டாம்.