பாங்கொக் அரண்மனை மதிலோரம் "இன்று பூட்டு" என்று சொல்பவனை நம்பாதீர்கள்: 170,000 ரூபாய் போய்விட்டது

கிளிநொச்சிக்குத் திரும்பி மூன்று நாள்தான். எழுத இருந்தால் இன்னும் கை பதறுகிறது. 170,000 ரூபாய். காலபோக நெல் விற்ற காசு. பாங்கொக் போக நினைக்கிற எங்கட சனம் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

முதலில் அந்த நகரத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாளே அது எங்களை மயக்கிவிட்டது. ஏ9 வீதியைக் கடக்க இரண்டு பக்கமும் ஒருதரம் பார்த்தால் போதும் என்று பழகியவன் நான். அங்கே தலைக்கு மேலே தூண்களில் ரயில் ஓடுகிறது. கீழே நிரை நிரையாக வாகனம், அதற்குள் செம்மஞ்சள் அங்கி போட்ட மோட்டார்சைக்கிள்காரர் ஆட்களை ஏற்றிக்கொண்டு நெளிந்து போகிறார்கள். அவ்வளவு நெரிசலிலும் ஹோர்ன் சத்தம் குறைவு. நடைபாதையில் கரியில் இறைச்சி வாட்டுகிற புகை, பக்கத்திலேயே வெட்டிப் பையில் போட்ட மாம்பழம். சாவோ பிரயா ஆற்றில் படகுதான் பஸ். துறையை நெருங்கியதும் பின்னால் நிற்பவன் விசில் அடிக்கிற விதத்திலேயே ஓட்டுநருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று விளங்குகிறது. நானும் மனைவியும் இறங்க மனமில்லாமல் ஒரு துறை தாண்டிப் போனோம்.

அந்த மனநிலையோடுதான் இரண்டாம் நாள் காலை பெரிய அரண்மனைக்குப் போனோம். 1782இல் கட்டத் தொடங்கியது, வெள்ளை மதில் முடிவில்லாமல் நீள்கிறது. வாசலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது ஒருவன் எதிரே வந்தான். மினுக்கிய வெள்ளைச் சேட், கழுத்தில் அடையாள அட்டை. எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டான். இலங்கை என்றதும் கை கூப்பினான். "என்ர அண்ணன் கொழும்பில வேலை செய்தவர்" என்றான். மனைவிக்கு வெயில் சுடுகிறது என்று கண்டு, அவனாகவே எங்களை மர நிழலுக்குக் கூட்டிப்போனான். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். ஊரில் ஒரு மனிசன் அப்படிச் செய்தால் நம்பாமல் இருப்போமா?

காலையில் பிக்குகளின் பூசை, வெளிநாட்டாருக்கு ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள் என்றான். என் வரைபடத்தில் பேனையால் மூன்று வட்டம் போட்டான். இரண்டு கோயில், மூன்றாவது "அரசாங்க" இரத்தினக்கல் ஏற்றுமதி நிலையம், வரியில்லாத விலைக்கு இன்றுதான் கடைசி நாளாம். மூன்றுக்கும் சேர்த்து ஓட்டோ அந்த ஊர்க் காசில் 20 பாத் மட்டும். ஏறினோம். ஓட்டோ கொண்டுபோய் இறக்கின, ஆளில்லாத ஒரு சின்னக் கோயிலில் கோட்டுப் போட்ட ஒருவன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவனாகவே கதை கொடுத்து, நேற்று அதே கடையில் தானும் கல் வாங்கினேன் என்றான். எல்லாரும் ஒரே கூட்டம் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

கடையில் குளிர்ந்த தண்ணீர், மெத்தைக் கதிரை, முத்திரை குத்திய சான்றிதழ். தங்கச்சியின் மகளுக்குத் தையில் கலியாணம், ஒரு நீலக்கல் மோதிரம் செய்து போடலாம் என்று நினைத்தேன். 18,500 பாத். வங்கி அட்டையில் கட்டினேன். எங்கட காசில் 170,000 ரூபாய்.

அன்று பின்னேரம் பாங்கொக் சீலோம் பகுதியில் இருக்கிற மாரியம்மன் கோயிலில் தமிழ் கதைக்கிற ஒரு ஐயாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "அரண்மனை காலை எட்டரைக்கே திறந்திடும். பூட்டு எண்டு சொல்றதுதான் அவங்கட தொழில்" என்றார்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போனேன். நேற்றுச் சிரித்த பெண் இல்லை. இருந்தவள் பற்றுச்சீட்டின் அடியில் எறும்பு மாதிரி இருந்த ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்: விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது. முகாமையாளர் நாளைக்கு வருவார் என்றாள். நாளைக்கு எங்களுக்கு விமானம்.

ஊருக்கு வந்து யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருப்பார். "செய்த கல்லு அண்ணை. மோதிரத்தில போடலாம், விக்கேலாது." மனைவி வெளியே வந்து படியில் இருந்துவிட்டாள்.

பயணம் ஒழுங்குபடுத்தின ஊர் முகவரிடம் போனால், "கடைக்குப் போனது உங்கட சொந்த விருப்பம்தானே" என்றார். பயணத்துக்கு முன்னம் இப்படி ஒரு ஏமாற்று இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? வங்கியில், "இரகசிய இலக்கம் நீங்கள்தானே அடிச்சனீங்கள்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள். மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் அதே பதில். 170,000 ரூபாய் அவர்களுக்கு ஒரு காசாகத் தெரியவில்லை.

விரிவாகப் பிறகு எழுதுகிறேன், இப்போது இவ்வளவுதான்: வெளியில் நிற்கிறவன் என்ன சொன்னாலும் அரண்மனை வாசல்வரை நடந்து போய் உங்கள் கண்ணால் பாருங்கள். 20 பாத்துக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்கிற ஓட்டோவில் ஏறாதீர்கள். அங்கே கல் வாங்கவே வாங்காதீர்கள். ஏமாந்தது தெரிந்தால் அங்கே நிற்கும்போதே 1155க்கு, சுற்றுலாப் பொலிசுக்கு, அடியுங்கள். நான் அந்த இலக்கத்தை அறிந்தது விமான நிலையத்தில்.